கொடுக்கலாம், கேட்கக்கூடாது: டிஜே கருவிகளும் கூட்டு நிதியும்

நீண்ட பதிவு. மறுப்பதாயினும் முழுவதையும் வாசித்த பின் மறுக்குமாறு வேண்டுகிறேன்.

அண்மையில் தில்லியில் ஊடக ஆய்வுக் கருத்தரங்கு ஒன்றில், இசையும் தொழில்நுட்பமும் பற்றிய அமர்வில் ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. டிஜேக்களுக்கான புதிய கருவிகளும், அவர்களுடைய மடிக்கணினிகளுக்கான துணைக்கருவிகளும் ‘கிரவுட்ஃபண்டிங்’ எனப்படும் கூட்டு நிதி திரட்டல் மூலம் உருவாவதைப் பற்றிய கட்டுரை அது. கம்பியில்லாக் கிராஸ்ஃபேடர், விரலின் அழுத்தத்தை உணரும் தட்டு, மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளும் மடிக்கணினித் தாங்கி என்று படங்கள் திரையில் வரிசையாக வந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் திரண்ட தொகை டாலரில் குறிக்கப்பட்டிருந்தது. பெருநிறுவனங்களின் அனுமதிக்காகக் காத்திருந்த காலம் முடிந்தது, கருவி உருவாக்கம் ஜனநாயகமாகிவிட்டது என்பது கட்டுரையின் முடிவு. நல்ல கைதட்டல் கிடைத்தது.

கேள்வி நேரத்தில் நான் இரண்டே கேள்விகள் கேட்டேன். இந்தக் கருவிகளுள் எத்தனை, பணம் கொடுத்தவர்களின் கைக்கு வந்து சேர்ந்தன? வந்து சேராதவற்றுக்கு யார் விலை கொடுத்தார்கள்? இரண்டும் தம் ஆய்வு வரம்புக்கு அப்பாற்பட்டவை என்றார் கட்டுரையாளர். அவர் நேர்மையாகச் சொன்ன விடை அது. அந்த வரம்பை அப்படி வரைந்தது அவர் மட்டுமல்லர். நம் துறையே அப்படித்தான் வரைந்திருக்கிறது. இப்பதிவு அந்தக் கட்டுரையாளருக்கு எதிரானதன்று. அந்த வரம்புக்கு எதிரானது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருளை வெகுமதியாகத் தருவதாகச் சொல்லும் கூட்டு நிதி திரட்டல், விலை கொடுத்து வாங்குபவருக்கு உள்ள உரிமையைப் பறித்துக்கொண்டு, முதலீட்டாளருக்குரிய அபாயத்தை மட்டும் அவர் தலையில் ஏற்றுகிறது. டிஜே கருவிகளில் இந்த அநீதி இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. இந்தியாவிலிருந்து நோக்கினால் அதற்கு மேலும் ஓர் அடுக்கு இருக்கிறது. ‘பங்கேற்பு’, ‘சமூகம்’, ‘ஜனநாயகமாக்கம்’ என்ற நம்முடைய கலைச்சொற்கள் இவை அனைத்தையும் மூடும் போர்வையாகப் பயன்படுகின்றன.

1. ஆதரவாளர் என்பவர் யார்?

இண்டிகோகோ 2008இலும், கிக்ஸ்டார்ட்டர் 2009 ஏப்ரலிலும் தொடங்கப்பட்டன. கிக்ஸ்டார்ட்டரின் முறை எளிமையானது. திட்டத்தை முன்வைப்பவர் ஓர் இலக்குத் தொகையை அறிவிப்பார். குறித்த நாளுக்குள் இலக்கு எட்டப்படாவிட்டால் எவரிடமும் பணம் எடுக்கப்படாது. எட்டப்பட்டால் பணம் திட்டக்காரருக்குப் போகும். தளம் 5 விழுக்காட்டைத் தன் கட்டணமாக எடுத்துக்கொள்ளும். இலக்கை எட்டாவிட்டாலும் திரண்டதை வைத்துக்கொள்ளும் வழியை இண்டிகோகோ அனுமதித்தது.

கவனிக்கவேண்டியது ஒன்று. தளத்தின் வருமானம் திட்டம் வென்ற நாளில் வந்துவிடுகிறது. கருவி செய்யப்பட்டதா, அனுப்பப்பட்டதா, இயங்குகிறதா என்பவற்றுக்கும் அந்த வருமானத்துக்கும் தொடர்பில்லை.

2012 செப்டம்பரில், தாங்கள் ஒரு கடை அல்ல என்று கிக்ஸ்டார்ட்டர் வெளிப்படையாகவே அறிவித்தது. வன்பொருள் திட்டங்களில், உண்மைப் பொருளைப் போலத் தோன்றும் கணினிப் படங்களுக்கும், இன்னும் இயலாத செயல்பாட்டை இயல்வதுபோலக் காட்டுவதற்கும் அப்போது தடை விதிக்கப்பட்டது. அபாயங்களைத் தனிப்பகுதியில் எழுதவும் பணிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க சீர்திருத்தம்தான். ஆனால் அந்த அறிவிப்பின் சட்டப் பொருளையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கடை அல்ல என்றால் இங்கே விற்பனை நடக்கவில்லை. விற்பனை நடக்கவில்லை என்றால் வாங்கியவர் என்று ஒருவர் இல்லை.

நன்கொடையாளர் எதையும் எதிர்பார்ப்பதில்லை. முதலீட்டாளர் இழக்கக்கூடும், வென்றால் பங்கு பெறுவார். வாங்குபவர் பொருளைப் பெறுவார். கிடைக்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பார். இம்மூவருக்கும் நூற்றாண்டுகளாக வழக்கமும் சட்டமும் உண்டு. ‘ஆதரவாளர்’ என்பவர் இம்மூவருள் எவரும் அல்லர். அவர் கருவியை எதிர்பார்க்கிறார். ஆகவே நன்கொடையாளர் அல்லர். நிறுவனம் பெருவெற்றி பெற்றாலும் அவருக்குப் பங்கில்லை. ஆகவே முதலீட்டாளர் அல்லர். கருவி வராவிட்டால் கடைக்காரரிடம் கேட்பதுபோலக் கேட்கவும் முடியாது. ஆகவே வாங்குபவரும் அல்லர். மூன்று உறவுகளிலும் உள்ள சுமைகளை மட்டும் திரட்டிச் செய்த ஒரு புதிய உறவு இது. இதற்கு ‘பங்கேற்புப் பண்பாடு’ என்று பெயர் சூட்டியது நாம்.

2. காணொளி நிறுவ முடியாதது

டிஜே கருவிகளுக்கு வருகிறேன். இத்துறைக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சிறிது விளக்கம். டிஜே செய்யும் வேலையின் அடிப்படை, ஒரு பாட்டு கூட்டத்துக்கு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பாட்டைத் தான் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டு, இரண்டின் தாளத்தையும் ஒன்றோடொன்று பொருத்துவது. ஆகவே மடிக்கணினியில் வாசிப்பவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி ஒலி வெளியீடுகள் தேவை. சாதாரண மடிக்கணினியில் ஒன்றுதான் உண்டு. அதனால்தான் தனி ஒலி அட்டை, அதற்கு ஒரு யுஎஸ்பி துளை, பாட்டுகள் நிறைந்த வன்தட்டுக்கு இன்னொரு துளை, கட்டுப்பாட்டுக் கருவிக்கு மற்றொன்று, இவற்றையெல்லாம் இணைக்க ஒரு ஹப், நெரிசலான மேசையில் கணினியைத் தூக்கி நிறுத்த ஒரு தாங்கி என்று துணைக்கருவிகளின் பட்டியல் நீள்கிறது. இந்த நெருக்கடியைத் தீர்ப்பதாகச் சொல்லும் எவருக்கும் செவிசாய்க்க டிஜேக்கள் ஆயத்தமாகவே இருக்கிறார்கள்.

இப்போது காலக் கணக்கைப் பாருங்கள். நடன இசையில் நிமிடத்துக்கு 128 அடி என்பது இயல்பான வேகம். ஓர் அடிக்கு ஏறத்தாழ 469 மில்லிநொடி. அதன் காற்பங்கு ஏறத்தாழ 117 மில்லிநொடி. சாதாரண புளூடூத் வழியே ஒலி செல்லும்போது 100 முதல் 200 மில்லிநொடி வரை தாமதம் ஏற்படுவது வழக்கம். பாட்டுக் கேட்பவருக்கு இது தெரியாது. இரண்டு பாட்டுகளைப் பொருத்துபவருக்கோ ஏறத்தாழக் காலடியோ அதற்கும் மேலோ பிசகு. ஸ்க்ராட்ச் செய்பவருக்குக் கை அசைந்ததற்கும் ஒலி வந்ததற்கும் இடையே 20 மில்லிநொடி இடைவெளி விழுந்தாலே கை குழம்பும்.

ஆக, கம்பியில்லா டிஜே கருவி எதற்கும் உயிர்நாடி இந்தத் தாமதத்தின் அளவு. கூட்டு நிதித் தளத்தில் ஒரு திட்டம் தன்னை நிறுவிக்கொள்ளும் முதன்மைச் சாதனமோ மூன்று நிமிடக் காணொளி. காணொளியில் படமும் ஒலியும் தனித்தனியே பதியப்பட்டு, படத்தொகுப்பில் ஒன்றாகப் பொருத்தப்படுகின்றன. தாமதம் என்ற ஒன்றை அறவே அகற்றிவிடக்கூடிய ஊடகம் அது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம்கூடத் தேவையில்லை. வழக்கமான படத்தொகுப்பே அக்குறையைத் துடைத்துவிடும். கணினிப் படத்தைத் தடை செய்த 2012ஆம் ஆண்டு விதி, கண்ணுக்குத் தெரியும் பொய்யைத் தடுத்தது. காதுக்கு மட்டுமே தெரியும் குறையை எந்த விதியும் தொடவில்லை. தெருமுனைக் கடைக்காரர்கூட மிக்ஸரை விற்கும்போது மின்சாரத்தில் இணைத்து வாசித்துக் காட்டுவார். வாங்குபவர் தம் கையாலேயே இழுத்துப் பார்ப்பார். அந்த எளிய சோதனைக்கு இங்கே இடமில்லை.

துணைக்கருவிகளின் நிலை வேறு விதமானது. அவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பவர் அவற்றைச் செய்பவரும் அல்லர், வாங்கியவரும் அல்லர், மடிக்கணினி நிறுவனம். 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் பெருவெற்றி பெற்ற நிஃப்டி மினிடிரைவ், மேக்புக்கின் எஸ்டி அட்டைத் துளைக்குள் விளிம்பு வெளியே தெரியாமல் அமர்ந்து, சிறு நினைவட்டை ஒன்றைத் தாங்கும் கருவி. பாட்டுத் தொகுப்பைத் தனி வன்தட்டில் தூக்கித் திரிய விரும்பாதவர்களுக்கு அருமையான யோசனை. 2016 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோவிலிருந்து அந்தத் துளையையே நீக்கியது. பழைய யுஎஸ்பி துளைகளையும் நீக்கியது. 2021இல் எஸ்டி துளை திரும்பி வந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் அந்த ஒரு முடிவினால் எழுந்த பற்றாக்குறையைத் தீர்க்கப் பல ஹப்புகள் கூட்டு நிதி கேட்டு வந்தன. ஒரு பெருநிறுவனம் உண்டாக்கிய குறையைச் சரிசெய்ய, அதன் வாடிக்கையாளர்களே தம் பணத்தை முன்கூட்டிக் கொடுத்து, வருமா வராதா என்று காத்திருந்தார்கள். கருத்தரங்கில் இதைத்தான் பெருநிறுவனங்களிடமிருந்து விடுதலை என்று சொன்னார்கள்.

மென்பொருளிலும் இதே கதை. 2019இல் வந்த மேக் இயங்குதளமான கேட்டலினா, ஐட்யூன்ஸை நீக்கியதோடு 32 பிட் செயலிகளையும் கைவிட்டது. ஐட்யூன்ஸ் பட்டியலை நம்பியிருந்த டிஜே மென்பொருள்கள் சில தடுமாறின. பெரிய நிறுவனங்கள் தம் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டன. ஒரே ஒரு கருவியைச் செய்து அனுப்பிவிட்டுக் கலைந்துபோன மூவர் குழுவிடமிருந்து புதிய இயக்கி மென்பொருளை யார் கேட்பது? கருவி கைக்கு வந்துவிட்டால் வெற்றி என்று எழுதி முடிக்கும் நம் கட்டுரைகளில், மூன்றாவது ஆண்டில் அது மேசை இழுப்பறைக்குள் போன கதை இடம்பெறுவதில்லை. டிஜே உலகுக்கு வெளியிலும் சான்று உண்டு. 2012இல் கிக்ஸ்டார்ட்டரில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டிய பெபிள் கைக்கடிகாரம் உரியவர்களைச் சென்றடைந்தது, பாராட்டையும் பெற்றது. 2016 டிசம்பரில் நிறுவனத்தின் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது; 2018 ஜூனில் கடிகாரத்துக்கான இணையச் சேவைகள் நிறுத்தப்பட்டன. முதல் நாளிலிருந்து துணைநின்ற ஆதரவாளர்களுக்கு அந்த விற்பனையில் சல்லிக்காசும் பங்கில்லை.

3. வாயிற்காவல் எங்கே இருந்தது?

‘ஜனநாயகமாக்கம்’ என்ற வாதம் ஒரு வரலாற்றை முன்னனுமானமாகக் கொள்கிறது: முன்பு கருவிகளைப் பெருநிறுவனங்களே செய்தன, கலைஞர்கள் வாங்க மட்டும் செய்தார்கள் என்பது. டிஜே கலையைப் பொறுத்தவரை இது பிழையான வரலாறு.

டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காகச் சந்தைக்கு வந்தது. அதை இசைக்கருவியாக மாற்றியவர்கள் டிஜேக்கள். அவர்களுடைய பழக்கத்தைக் கண்டே 1979இன் எம்கே2 வடிவம் வேகத்தை நுட்பமாக மாற்றும் நெம்புடன் வந்தது. நியூயார்க்கின் பிராங்ஸில் வளர்ந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். அடுத்த பாட்டை ஹெட்ஃபோனில் முன்கூட்டிக் கேட்கும் இணைப்பைத் தாமே செய்துகொண்டவர். 1970களின் தொடக்கத்தில் ரூடி போசாக்கின் நிறுவனம் செய்த மிக்ஸர், நடன அரங்குகளுக்கு ஒலியமைப்புச் செய்துவந்த அலெக்ஸ் ராஸ்னரின் அனுபவத்தை உள்வாங்கியது. இசைத்தட்டைக் கொண்டே கணினியில் உள்ள பாட்டை இயக்கும் ஃபைனல் ஸ்க்ராட்ச், நெதர்லாந்தின் சிறு நிறுவனம் ஒன்றிலிருந்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது; ரிச்சி ஹாட்டின், ஜான் அக்குவவிவா போன்ற டிஜேக்கள் அதை மெருகேற்றுவதில் பங்கேற்றனர்.

இவற்றுள் எதுவும் கூட்டு நிதியால் வந்ததன்று. எல்லாவற்றிலும் கலைஞரின் கை இருந்தது. கருவி முதலில் இருந்தது, அது மேடையில் உடைந்தது, திருத்தப்பட்டது, பிறகே பலருக்கும் விற்கப்பட்டது. கூட்டு நிதி இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் விற்பனை, பிறகு கருவி, மேடையில் உடைவது கடைசி. உடைந்தால் அந்த இழப்பும் வாங்கியவருடையதே.

4. மறுதரப்பின் வலுவான வாதம்

நேர்மைக்காக எதிர்வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்ல வேண்டும். கூட்டு நிதியால் நல்ல கருவிகளும் வந்திருக்கின்றன. கீத் மெக்மில்லன் நிறுவனத்தின் குநியோ, விரலின் அழுத்தத்தையும் இடத்தையும் உணரும் தட்டு, 2011 இறுதியில் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டியது, உரியவர்களைச் சென்றடைந்தது, இன்றும் மதிப்புடன் பேசப்படுகிறது. 2015இல் அங்கே நிதி திரட்டிய மிக்ஸ்ஃபேடர் என்னும் கம்பியில்லாக் கிராஸ்ஃபேடரும் சந்தைக்கு வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, நிதி திரட்டி வென்ற கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் 9 விழுக்காடே வாக்களித்த வெகுமதியைத் தரத் தவறின. நூற்றுக்கு ஒன்பது என்பது மோசமா என்று கேட்பவர்களுக்கு என் விடை மூன்று.

முதலாவது: அதே மோலிக்கின் 2014ஆம் ஆண்டுக் கட்டுரை, முக்கால் பங்குக்கும் மேற்பட்டவை சொன்ன காலத்துக்குப் பிந்தியே வந்தன என்று காட்டியது. நூலோ திரைப்படமோ ஓராண்டு பிந்தி வந்தாலும் நூலும் திரைப்படமும்தான். குறிப்பிட்ட மடிக்கணினியின் குறிப்பிட்ட துளைக்காகச் செய்த கருவி ஓராண்டு பிந்தி வரும்போது, அந்த மடிக்கணினியே மாறியிருக்கலாம்.

இரண்டாவது: குநியோவைச் செய்தவர் இத்துறையில் நெடுங்காலம் கருவிகள் செய்துவந்தவர். அவருக்குத் தொழிற்சாலையும் பொறியாளர்களும் விநியோகமும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் வென்றது, புதியவர்களுக்குக் கதவு திறந்தது என்பதற்குச் சான்றாகாது. அனுபவமும் முதலும் உடையோர், வங்கியிடம் வட்டிக்கு வாங்கியிருக்கக்கூடிய தொகையை வாடிக்கையாளரிடம் வட்டியின்றிப் பெற்றார்கள் என்பதற்கே அது சான்று.

மூன்றாவது: ஒன்பது விழுக்காடு என்பது தோற்ற திட்டங்களின் கணக்கு, தோல்வியின் சுமை யார்மேல் விழுந்தது என்பதன் கணக்கன்று. வேல்ஸில் இயங்கிய நிறுவனமொன்றின் ஸானோ என்ற சிறு ட்ரோன் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, 2015 நவம்பரில் நிறுவனமே மூடப்பட்டபோது, பணம் கொடுத்திருந்த பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருள் மிகப் பெரும்பாலோர்க்குக் கையில் எதுவும் இல்லை. என்ன நடந்தது என்று ஆராய ஒரு செய்தியாளரைக் கிக்ஸ்டார்ட்டரே அமர்த்தியது. பணம் திரும்பவில்லை, ஆதரவாளர்களுக்குக் கிடைத்தது ஓர் அறிக்கை.

5. இந்தியாவிலிருந்து பார்க்கும்போது

நம் கருத்தரங்குகளில் எவரும் எழுப்பாத செய்தி ஒன்று உண்டு. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்க அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் இந்தியாவில் இருக்கும் எவரும் தம் அட்டையைக் கொண்டு அங்கே பணம் செலுத்தலாம். ஸ்லோவேனியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் டிஜே கருவிக்கு நிதி கேட்கலாம். தில்லி லஜ்பத் ராய் மார்க்கெட்டிலிருந்து ஒருவர் கேட்க முடியாது. நாம் கொடுக்கலாம், கேட்கக்கூடாது. உலகளாவிய பங்கேற்பு என்று நாம் எழுதுவது இந்த ஒருவழிப் பாதையைத்தான்.

செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் அந்த மார்க்கெட்டுக்கு நம் ஆய்வு மாணவர்கள் ஒருமுறை சென்று வரவேண்டும். ஆம்பிளிஃபயர் பலகைகளும் ஒலிபெருக்கிக் கூம்புகளும் டிரான்ஸ்ஃபார்மர்களும் குவிந்த சந்துகள் அவை. வட இந்தியச் சிற்றூர்களில் ‘டிஜே’ என்ற சொல் ஆளைக் குறிப்பதைக் காட்டிலும், ஒலிபெருக்கிகள் அடுக்கிய வண்டியைக் குறிப்பதே அதிகம். திருமண ஊர்வலங்களை நம்பி வாழும் அந்த வண்டிக்காரர்களுக்கு வேண்டிய கருவிகளை இத்தகைய சந்தைகளின் மெக்கானிக்குகளே செய்தும் பழுதுபார்த்தும் தருகிறார்கள். அங்கேயும் முன்பணம் வாங்குவார்கள். தமிழில் அதற்கு அச்சாரம் என்று பெயர். அச்சாரம் கொடுத்தவர் கடைக்கு வந்து உட்காரலாம். பாதி முடிந்த பெட்டியைத் தட்டிப் பார்க்கலாம். வேலை நடக்கவில்லை என்றால் நாலு பேர் முன்னிலையில் கேட்கலாம். அச்சாரம் வாங்கியவர் மறுநாளும் அதே கடையைத் திறந்தாக வேண்டும். இந்தப் பிணைப்பில்தான் நம்பிக்கை நிற்கிறது. கூட்டு நிதித் தளம் அச்சாரத்தை எடுத்துக்கொண்டு, அதைக் காத்து நின்ற பிணைப்பை விட்டுவிட்டது.

சட்டத்தையும் பாருங்கள். சீட்டு நடத்துபவர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி முன் அனுமதி பெற வேண்டும். சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையம் வைக்க வேண்டும். இணையவழிக் கடன் தளங்களை ரிசர்வ் வங்கி 2017இல் தன் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. பங்கு வழங்கும் கூட்டு நிதி குறித்து செபி 2014இல் ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. வெகுமதி தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டுவதற்கு மட்டும் இவ்வாறு ஒரு காவலர் வாய்க்கவில்லை. நம் தெருவில் இருபது பேரிடம் சீட்டுப் பிடிப்பவரிடம் பிணையம் கேட்கும் அரசு, இல்லாத கருவியைக் காட்டி இருபதாயிரம் பேரிடம் பணம் பெறும் முறையைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை.

எங்கள் விடுதியில் இளநிலை ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். நான் தம்பி என்றே அழைப்பேன். உதவித்தொகை மாதக்கணக்கில் பிந்தும்போதெல்லாம் திருமண நிகழ்ச்சிகளில் டிஜேயாக வாசித்து உணவுக் கட்டணம் கட்டுபவர். தாங்கி, ஒலி அட்டை, ஹப் மூன்றும் ஒன்றாகி மடிக்கணினியின் கீழே பொருந்தும் கருவி ஒன்றுக்கு அவர் ஏறத்தாழ 14,000 ரூபாய் செலுத்தினார். நான்கு இரவுகளின் ஊதியம் அது. சுங்கவரி தனி என்று திட்டப் பக்கத்தின் அடியில் எழுதியிருந்தது. எட்டு மாதத்தில் வரவேண்டியது. ஈராண்டுகளில் பத்தொன்பது அறிவிப்புகள் வந்தன: அச்சு வார்ப்பில் சிக்கல், சில்லுத் தட்டுப்பாடு, தொழிற்சாலை மாற்றம். பிறகு அறிவிப்பும் நின்றது. தளத்துக்கு எழுதினார், இது உங்களுக்கும் திட்டக்காரருக்கும் இடையிலான உடன்பாடு என்று விடை வந்தது.

அவர் என்னிடம் சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். “அண்ணா, பணம் போனதைவிட, ஏமாந்தேன் என்று சொல்ல முடியாததுதான் கஷ்டம். நான் வாங்கவில்லையாம், ஆதரித்தேனாம்.” அன்று கருத்தரங்கில் கைதட்டியவர்களுள் நானும் இருந்திருக்கக்கூடும். என்னை அந்த இரண்டு கேள்விகளைக் கேட்க வைத்தது இந்த ஒரு வாக்கியம்.

6. நாம் செய்யவேண்டியவை

கூட்டு நிதியைத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் நாட்டில் மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் மருத்துவச் செலவுக்காகப் பணம் கேட்டு நிற்போரைப் பார்க்கும்போது, முன்பின் அறியாதவர்களின் ஈகையை இழிவாகப் பேச எவருக்கும் மனம் வராது. அங்கே கொடுப்பவர் நன்கொடை என்று அறிந்தே கொடுக்கிறார். நான் எதிர்ப்பது, விற்பனையை ஈகையின் உடையில் நடத்துவதை.

ஆய்வாளர்களுக்கு: திரண்ட தொகையைக் கண்டுபிடிப்பின் அளவுகோலாகக் கொள்வதை நிறுத்துவோம். அத்தொகை எதிர்பார்ப்பின் அளவு. எத்தனை கருவிகள் வந்தன, எப்போது வந்தன, மூன்றாம் ஆண்டில் எத்தனை இயங்குகின்றன என்பவற்றை எண்ணுவோம். திட்டப் பக்கத்தை ஆவணமாக எடுத்துக்கொள்பவர், அதன் கீழே ஆதரவாளர்கள் எழுதிய கருத்துகளையும் அதே கவனத்தோடு வாசிக்க வேண்டும். வரலாறு பெரும்பாலும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. ‘ஆதரவாளர்’ என்ற சொல்லை மேற்கோள் குறியின்றிப் பயன்படுத்தும் கட்டுரை, தளத்தின் சட்டத்துறை எழுதிக் கொடுத்ததையே திரும்ப எழுதுகிறது.

சட்டத்துக்கு: குறிப்பிட்ட தொகைக்குக் குறிப்பிட்ட பொருள் என்று வாக்களிக்கும் எதையும் முன்விற்பனையாகவே கருத வேண்டும். பணம் மூன்றாம் தரப்பிடம் இருந்து, வேலையின் கட்டங்களுக்கேற்ப விடுவிக்கப்பட வேண்டும். தளத்தின் கட்டணமும் பொருள் சென்றடைந்த பின்னரே கிடைக்க வேண்டும். 5 விழுக்காடு கடைசியில்தான் வரும் என்றால், எந்தத் திட்டத்தை ஏற்பது என்பதில் தளங்கள் எவ்வளவு கவனம் கொள்ளும் என்பதைக் கற்பனை செய்து பாருங்கள்.

மாணவர்களுக்கு, குறிப்பாக இரவில் வாசித்துப் பகலில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: பணம் செலுத்துமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இயங்கும் கருவியைத் திட்டக்காரர் அல்லாத ஒருவர் கையில் வைத்து வாசித்திருக்கிறாரா? வெட்டப்படாத ஒரே காட்சியில், கையசைவும் அறையின் ஒலியும் ஒரே ஒலிவாங்கியில் பதிவாகியிருக்கிறதா? திட்டக்காரர் இதற்குமுன் எதையேனும் செய்து அனுப்பியிருக்கிறாரா? நாளை அந்த நிறுவனம் மறைந்தால், செயலியும் இயக்கியும் இன்றி அந்தக் கருவி இயங்குமா? நான்கில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் காத்திருங்கள். உண்மையிலேயே நல்ல கருவி கடைக்கு வரும். விலை சிறிது கூடுதலாக இருக்கலாம். ஆனால் அங்கே நீங்கள் வாங்குபவர்.

அடுத்த மாதம் நடக்கவிருக்கும் துறை அமர்வில் இதையே விரிவான கட்டுரையாக முன்வைக்கிறேன். கூட்டு நிதியால் கருவி வந்தவர்கள், வராதவர்கள் இருசாராரும் தம் அனுபவத்தைக் கீழே எழுதினால் நன்றி உடையவனாவேன். எனக்கு எதிரான சான்றுகளையும் மறைக்காமல் சேர்த்துக்கொள்வேன்.

தம்பி இப்போது நண்பரிடம் இரவல் வாங்கிய பழைய மிக்ஸரில் வாசிக்கிறார். அதன் ஒரு குமிழ் சுழலாது. லஜ்பத் ராய் மார்க்கெட்டில் இருநூறு ரூபாய் அச்சாரம் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை தருவதாகச் சொன்னார்களாம். தராவிட்டால் வெள்ளிக்கிழமை இருவரும் நேரில் போய்க் கேட்போம்.